செல்வி காட்டிய கறுப்புக் கோடு

9.8.1988, செவ்வாய், சிலிபின்

இன்று செல்வி வந்தாள். எஸ்டேட் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த காலத்தில், எனக்குப் பக்கத்து வீட்டுப் பெண். இப்போது லண்டனில் மார்புப் புற்றுநோய் செல்களை ஆராய்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், என் மார்பில் கட்டி என்று கேள்விப்பட்டு நேராக இங்கே வந்துவிட்டாள்.

பையிலிருந்து ஓர் எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு பெண்களின் கட்டியிலிருந்து எடுத்து, வருஷக்கணக்காகப் போத்தலில் வளர்க்கும் செல்களைச் சோதித்த முடிவு அதில் பதிந்திருக்கிறதாம். ஒன்றுக்கு மட்டும் கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

"கோடு இருந்தா, ஹார்மோனுக்குக் கட்டுப்படற ஒரு ஜீன் அந்தச் செல்லுல வேலை செய்யுதுக்கா. அந்த மாதிரி கட்டிதான் ஹார்மோனைத் தடுக்கற மாத்திரைக்கு நல்லா கேக்கும்."

"என்னோடது எந்த மாதிரி?"

"தெரியாதுக்கா. ஆபரேஷன்ல எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். தைரியத்துக்காகப் பொய் சொல்ல மாட்டேன்லா."

மூன்று வாரமாக எல்லோரும் "ஒன்னுமில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள் ஒருத்திதான் தெரியாது என்றாள். எனக்கு அதுவே தெம்பாக இருந்தது.

"அந்த ரெண்டு பேரும் இப்ப எங்க?"

"இறந்துட்டாங்க. பேருகூட எனக்குத் தெரியாது. காலைல போத்தலத் தொறக்கறப்ப மனசுக்குள்ள கும்புட்டுக்குவேன்."

ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிப்போட்டவள் நான். மாலையே அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை ஆபரேஷன். எடுக்கும் கட்டியை எப்படிப் பாதுகாத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்று செல்வி அங்கிருந்த டாக்டர்களிடம் நிதானமாகச் சொன்னாள். பயம் இன்னும் போகவில்லை. ஆனால் எங்கள் லயத்துப் பெண் சொல்லச் சொல்ல, பெரிய டாக்டர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.