நீங்கள் செய்யாத சத்தியம்

மதினி,

இன்று காலை மேலத் தெருக் கல்யாண வீட்டில் வேப்ப மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி நம் படத்துப் பாட்டைப் போட்டார்கள். அரண்மனை வாசலில் ஓடக்காரன் மகள் நின்று பாடுவாளே, அந்தப் பாட்டுதான். பிளேட் தேய்ந்து கரகரவென்று இருந்தது. கையில் வாங்கின காப்பியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பந்தலில் நம் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் பந்தி பார்க்கிற சாக்கில் ஒதுங்கி நின்றான். சித்தப்பா இருக்கிறாரே, அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கூட இருந்தவர்களிடம் சொன்னார்: "எங்க மூத்த மருமகளுக்கு இந்தப் பாட்டுன்னா உசுரு. ஒரு தடவை தெரியாமப் போயிப் பார்த்துட்டா. அப்புறம் விளக்கு முன்னால சத்தியம் பண்ணி, எங்க அண்ணாச்சிகிட்ட மன்னிப்பும் கேட்டா. அதுல்லா குணம்!"

நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் உங்களை அடக்கமான மருமகளாக்கிவிட்டார்கள்.

நான் அங்கே என்ன சொன்னேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிறவர்கள் இஷ்டத்துக்குத் திருத்திக்கொள்கிறார்கள், அதனால்தான்.

யுத்தம் வருவதற்கு முந்தைய சாரல் சமயம் அது. குற்றாலம் போகிற சாலையில் தகரக் கொட்டகை போட்டு அந்தப் படத்தைக் கொண்டுவந்தார்கள். தென்காசியே பைத்தியம் பிடித்து அலைந்தது. கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர் பாடினார், வயலில் நடவுக்கு வந்தவர்கள் பாடினார்கள். நம் வீட்டில் மட்டும் படம் பார்ப்பதற்கு முன்னாலேயே கட்சி பிரிந்துவிட்டது.

அப்பாவுக்குப் பேச்சே பிடிக்கவில்லை. "ஊரு பேரு தெரியாதவன் பக்கத்துல நின்னு ஒருத்தி பாடுதா. அதைக் காசு குடுத்து வேற பார்க்கணுமாக்கும்!" சித்தப்பா கதர் கட்டிய புதிது. படத்தில் தேசத்தைப் பற்றி ஒரு பாட்டு வருகிறதாம், அந்த ஒன்றுக்காகப் பார்க்கலாமாம், ஆனால் பெண்பிள்ளைகள் வேண்டாமாம். அம்மா, ராகமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, வார்த்தைதான் ஒரு மாதிரி என்றாள். ராகம் அவளுக்கு எப்படித் தெரியும்? கிணற்றடியில் அண்ணன் தினமும் அதைத்தானே முணுமுணுத்துக்கொண்டு குளித்தான்! ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தால் அவன் இலையைத் தவிர எதையும் பார்க்க மாட்டான்.

மாமனார் எதிரே மருமகள் நின்று பேசுகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. நீங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றீர்கள். ஆனால் பேசினீர்கள்.

"பார்க்காமலே எப்பிடி மாமா சொல்லுதிய?"

அப்பா உங்களைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னார்: "சமஸ்தானத்துக்காரிக்கு வாய் நீளம்னு கல்யாணத்துக்கு முந்தியே சொன்னாவ. நான்தான் கேக்கலை." செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜாவுக்குச் சேர்ந்தது என்பதால் உங்களுக்கு அந்தப் பெயர். கோபம் வந்தால் அவருக்கு அதுதான் வாயில் வரும்.

வருஷா வருஷம் சாரல் விழுந்ததும் வீட்டுப் பெண்களை ஒருநாள் வில்வண்டியில் அருவிக்கு அனுப்புவது வழக்கம். எண்ணெய், சீயக்காய், மாற்றுப் புடவை எல்லாம் எடுத்து வைத்தோம். அம்மாவுக்கு மூட்டுவலி, வரவில்லை. வண்டி ஊர் எல்லை தாண்டியதும், "சொடலை, கொட்டகைப் பக்கம் திருப்புங்க" என்றீர்கள். வண்டிக்காரர் சுடலை திரும்பிக்கூடப் பார்க்காமல், "அய்யா கேட்டாவன்னா நான் மாட்டுக்குப் புல்லு புடுங்கிக்கிட்டு இருந்தேன்னுதான் சொல்லுவேன். உள்ள என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியாது" என்றார். கடைசியில் ஆண்கள் பக்கத்தில் எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்ததும் அவர்தான்.

சீசன் கூட்டத்துக்காகக் கறுப்புத் துணி கட்டி மத்தியானமும் படம் ஓட்டினார்கள். பெண்களுக்குத் தனியாக மூங்கில் தட்டி. மணலில் உட்கார்ந்தோம். படம் முழுக்கப் பாட்டு. பசித்தால் பாட்டு, கோபம் வந்தால் பாட்டு, பாம்பு வந்தால்கூட முதலில் பாட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. ஓடக்காரன் மகள் அரண்மனை வாசலில் நின்று, தன்னைக் கைவிட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நியாயம் கேட்ட இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். பாட்டு முடிகிறவரை விடவில்லை. வலித்தது. கையை இழுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

படம் விட்டதும் பக்கத்துத் தோப்புக் கிணற்றில் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டோம். எண்ணெயும் தேய்த்தோம், சீயக்காயும் போட்டோம். போதாததற்கு, அருவிக்கரையிலிருந்து வருகிறவர்கள் வாங்கி வருவார்களே என்று சாலையோரக் கடையில் மங்குஸ்தான் பழமும் வாங்கினீர்கள். இவ்வளவு யோசித்த நாம் ஒரு தடவை நிமிர்ந்து மலையைப் பார்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றுகிற நேரம். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அருவி எப்படிம்மா இருந்துது?"

"நல்லா இருந்துது மாமா. கூட்டமே இல்ல."

"இருக்காது. மலையில பேய் மழை. பாறையும் மரமுமா அடிச்சிட்டு வருதாம், ஒருத்தனையும் பக்கத்துல விடலையாம். அடுத்த வீட்டு அண்ணாச்சி குளிக்காமத் திரும்பி வந்து நாழியாச்சு."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது நமக்கு. குற்றாலத்தில் எவன் தலையும் நனையாத நாளில் நாம் இரண்டு பேரும் அருவியில் குளித்துவிட்டு வந்து நிற்கிறோம்! நீங்கள் பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, "படத்துக்குப் போயிருந்தோம் மாமா. நான்தான் இவளைக் கூட்டிட்டுப் போனேன்" என்றீர்கள்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. விளக்கைக் காட்டினார். "இனி அந்தப் படத்தை நினைக்க மாட்டேன், அந்தப் பாட்டு என் வாயில வராது, அது கெட்டதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்னு இதைத் தொட்டுச் சத்தியம் பண்ணு. இத்தோட விட்டுருதேன்."

ஒரு நிமிஷ வேலை. அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். நானாக இருந்தால் இரண்டு விளக்கைத் தொட்டிருப்பேன்.

நீங்கள் விளக்கைப் பார்த்தீர்கள். "பிடிச்சதைப் பிடிக்கலைன்னு விளக்கு முன்னால எப்பிடி மாமா சொல்லுவேன்?" என்றீர்கள். பிறகு அண்ணனிடம் திரும்பி, "நீங்களும்தான் பார்த்திய. சொல்லுங்க" என்றீர்கள்.

அண்ணன் தரையைப் பார்த்தான். என் கூடப் பிறந்தவன்தான், நல்லவன்தான். ஆனாலும் அன்றைக்கு அவன் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலை ரயிலில் உங்களைச் செங்கோட்டைக்கு அனுப்பினார்கள். சத்தியம் பண்ண மனசு வந்தால் வரலாம், வராவிட்டால் அங்கேயே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். வாழாவெட்டி என்று பெயர் வர எத்தனை நாள் ஆகும்? கேட்டவர்களுக்கெல்லாம், "அம்மை வீட்டுக்குப் போயிருக்கா" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். புரட்டாசியும் பிறந்துவிட்டது. உங்களிடமிருந்து மன்னிப்பும் வரவில்லை, தூதும் வரவில்லை.

ஐப்பசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணை மதினி கைபிடித்துக் கூடத்துக்கு அழைத்து வருவதுதான் நம் வீட்டு முறை. சித்தி வந்து கையை நீட்டினாள். நான் அறையை விட்டு அசையவில்லை.

"மதினி வந்து கையைப் பிடிச்சாத்தான் வருவேன்."

"ஏட்டி, மானத்தை வாங்காத. காப்பி குடிச்சு முடிச்சுட்டாவ."

"இன்னொரு தடவை போட்டுக் குடுங்க."

மாப்பிள்ளையின் அம்மா கெட்டிக்காரி. மருமகள் இல்லாத வீட்டில் ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டாள். "மருமக வந்தப்புறம் சொல்லி அனுப்புங்க, சாவகாசமா வாரோம்" என்று எழுந்துவிட்டாள். அப்பா என்னை அடிக்கவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை. மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டு, "போயிக் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் உடனே கிளம்பிவிடவில்லை என்று அண்ணன்தான் பிற்பாடு என்னிடம் சொன்னான். சத்தியம் உண்டா என்று கேட்டீர்களாம். அதைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்றானாம். "அப்போ நீங்க ஒண்ணு சொல்லணும். வாசல்ல வச்சே சொல்லணும். சொன்னாத்தான் உள்ள வருவேன்" என்றீர்களாம்.

அன்று சாயங்காலம் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அண்ணன் வாசலில் நின்று, "அப்பா, நானும் அந்தப் படம் பார்த்தேன். ஒரு தடவை இல்ல" என்றான். குரல் பாதிதான் வந்தது, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. மகனைச் செங்கோட்டைக்கு அனுப்ப முடியுமா என்ன! அப்பா "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. விளக்கைத் தொடாமல்தான் நீங்கள் அந்த வீட்டுக்குள் திரும்ப வந்தீர்கள். அப்பா அந்தப் படத்தைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை, நீங்களும் மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்கு வெந்நீர் எடுத்து வைத்ததும் நீங்கள்தான், அடுக்களையில் அந்தப் பாட்டைப் பாடினதும் நீங்கள்தான். கூடத்துக்குக் கேட்கும் என்று தெரிந்தே பாடினீர்கள். போன மார்கழியில் காய்ச்சலில் விழும் வரைக்கும் பாடினீர்கள்.

மன்னிப்புக் கதை எங்கே முளைத்தது என்று எனக்குத் தெரியும். கடைசி இரண்டு நாளும் நான் உங்கள் பக்கத்தில்தான் இருந்தேன். அப்பா அறை வாசலில் வந்து நின்று, "ஏதாவது மனசுல இருந்தாச் சொல்லும்மா" என்றார். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்: "அன்னிக்கு அருவிக்குப் போனேன்னு பொய் சொன்னேன் மாமா. அதுக்கு மன்னிச்சுக்கிடுங்க."

"அதுக்குத்தானா? படத்துக்கு?"

"அது நல்ல படம் மாமா."

வராந்தாவில் இருந்தவர்கள் காதில் முதல் பாதிதான் விழுந்திருக்கும். இரண்டாம் பாதி விழுந்திருந்தாலும் அவர்களுக்கு வேண்டியது முதல் பாதிதானே.

ஆகவே இன்று பந்தலில், அத்தனை பேர் முன்னால், "சித்தப்பா, மதினி சத்தியமும் பண்ணலை, படத்துக்கு மன்னிப்பும் கேக்கலை. பொய் சொன்னதுக்குத்தான் கேட்டாவ" என்றேன். அந்த அறையில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சித்தப்பா முகம் சிவந்துவிட்டது. "செத்துப்போனவளைப் பத்தி நல்லதாச் சொன்னா இவளுக்குப் பொறுக்கலை. யாருட்டி கேட்டா இதையெல்லாம்? சாட்சி இருக்கா?" என்றார்.

தூணில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் தேவைக்கு மேலேயே சத்தமாகப் பேசுவார்.

"நான்தான் சாட்சி. அவ அப்படித்தான் சொன்னா" என்றார். பிறகு, "அது கெட்ட படம்தான். நான் இன்னைக்கும் சொல்லுதேன். ஆனா அவ நல்ல படம்னுதான் சொல்லிட்டுப் போனா. அதை யாரும் மாத்தாதிய" என்றார்.

பந்தி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் கையிலிருந்த வாளியோடு அங்கேயே நின்று அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை, நானும் தேற்றவில்லை. ஒருதரம் எல்லார் முன்னாலும் அழட்டும் என்றுதான் இருந்தது.

மதினி, உங்களைப் போலத் தைரியசாலி இல்லை நான். பயத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்லுவேன். புக்ககத்தில் மாமியாரிடம் நேற்றுக்கூட ஒன்று சொன்னேன். ஆனால் எனக்குப் பிடித்த ஒன்றைப் பிடிக்கவில்லை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. புக்ககத்தில் சொல்லச் சொல்லி வற்புறுத்தினார்கள், சொல்லாததற்குப் பட்டும் இருக்கிறேன். இனியும் சொல்ல மாட்டேன்.