விரல் நுனியில் சிவப்பு

வியாழன் இரவு, பிரிக்ஃபீல்ட்ஸ்

இன்று படலம் ஒளிர்ந்தது. மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடித் தகட்டை உப்புக் கரைசலில் வைத்து, மின்சாரம் செலுத்தி, மாதக்கணக்கில் வளர்க்கப் பார்த்த ஃபுளோரைடு படலம். புற ஊதா விளக்கின் அடியில் நல்ல சிவப்பு. சந்தோஷத்தில் கையுறையைக் கழற்றினேன். என் ஆள்காட்டி விரல் நுனியும் அதே சிவப்பாக ஒளிர்ந்தது.

கையுறையில் ஓட்டை; கரைசல் உள்ளே கசிந்திருக்கிறது. காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் பழைய படலத்தை அமிலத்தில் கரைத்தேன். அமிலத்தோடு சேர்ந்த ஃபுளோரைடு தோலுக்குள் ஊறி எலும்புவரை போகும். சில நேரம் வலி மறுநாள்தான் தெரியும்.

கூட ஆராய்ச்சி செய்யும் கவிதா என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

"எரியுதாடி?"

"இல்ல."

"அதான் பயமா இருக்கு லா."

வெகுநேரம் கழுவி, கால்சியம் களிம்பு தடவி, தன் காரிலேயே கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார். "இப்போ ஒண்ணும் தெரியல. ராத்திரி வலிச்சா நேரா ஹாஸ்பிட்டல் போயிடுங்க. தனியா இருக்காதீங்க."

வீட்டில், விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து அம்மா கேட்டதற்கு, "கார் கதவுல நசுங்கிடுச்சும்மா" என்றேன். சோறு பிசைந்து ஊட்டிவிட்டார்.

இப்போது நகத்துக்கு அடியில் ஏதோ துடிக்கிறது. வலியா, நாடித்துடிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. விடியும்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

வேண்டாம். அம்மாவை எழுப்பப் போகிறேன்.