இரும்புக் கம்பியடியில் நின்ற மச்சாளுக்கு

என் அன்பு நிறைந்த றெஜினா மச்சாள்,

உங்கள் நீலக் குடை இன்னும் என் காரின் பின் இருக்கையில்தான் கிடக்கிறது. அண்ணன் ஒருமுறை அதை எடுத்து வீட்டுக்குள் வைக்கப் பார்த்தார், நான் விடவில்லை. இரண்டு கம்பி வளைந்து, மழைக்கு உதவாமல், வெயிலுக்கு மட்டும் விரிகிற குடை அது. இருந்தாலும் அது அங்கேயே இருக்கட்டும்.

நீங்கள் போனபிறகு சிட்னி பென்டில் ஹில் வீட்டில் அண்ணன்தான் சமையல். ஒருநாள் பருப்புக்கு உப்புப் போட மறக்கிறார், மறுநாள் இரண்டு தரம் போடுகிறார். மரக்கறிக் கடை அன்ரி உங்கள் பெயரைச் சொல்லி இரண்டு முருங்கைக்காய் கூடப் போட்டு அனுப்புகிறாராம். குசினி மேசையடியில் உங்கள் கதிரையில் இன்னும் ஒருவரும் இருப்பதில்லை. வேண்டுமென்று செய்வதில்லை மச்சாள், யாருக்கும் அதில் இருக்கத் தோன்றவில்லை.

ஆனால் இன்று எழுதுவது அந்தக் கம்பியடியில் நடந்ததைச் சொல்ல. இதை உங்களுக்கு வாசிக்கும்போது பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். உங்களைப் பற்றிய பகிடியும் வரும், கோபிக்கக் கூடாது.

சிட்னியிலிருந்து மலை தாண்டி மேற்கே ஒரு நாள் காரில் ஓடினால், அகலமான பழைய மாட்டு வழிகள் வரும். அவை யாருக்கும் சொந்தமில்லாத பொது நிலம். மழை பொய்த்தால் பண்ணைக்காரர்கள் தங்கள் மாடுகளை அந்த வழிகளில் நடத்தி மேய்ப்பார்கள். எந்தத் துண்டில் புல் இருக்கிறது, எத்தனை மாடு தாங்கும், எப்போது வழியை மூடி நிலத்துக்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. மன்னாரில் மேய்ச்சல் தரை கண்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் அதற்கென்று படித்து, அதற்கென்று சம்பளம் வாங்கலாம் என்பது அண்ணனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"பள்ளிக்கூடத்திலை படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவாய் எண்டு எங்கடை ஐயா பேசினவர். நீ படிச்சுப்போட்டு எல்லோ மாடு மேய்க்கப் போறாய்?" என்று அண்ணன் கேட்டார். நீங்கள் தேங்காய் துருவிக்கொண்டே, "அவள் மாட்டை மேய்க்கேல்லை, புல்லைக் காக்கிறாள். பேசாமல் சாப்பிடுங்கோ" என்றீர்கள். அன்றைக்கு அந்த வீட்டில் என் பக்கம் நின்றது நீங்கள் ஒரு ஆள்தான். அதற்கு நான் முறையாக நன்றி சொன்னேனா? சொன்னதாக ஞாபகமில்லை. இப்போது சொல்கிறேன், நன்றி மச்சாள்.

தூர இடங்களுக்குத் தனியே போகக்கூடாது என்பது எங்கள் கந்தோரின் சட்டம். துணைக்கு ஆள் கிடைக்காத ஒரு கிழமையில் நீங்கள் தொண்டராகப் பதிந்துகொண்டு என்னுடன் புறப்பட்டீர்கள். முதியோர் இல்லத்து வேலையில் உங்களுக்கு மிஞ்சியிருந்த லீவை எனக்காகச் செலவழித்தீர்கள். வாழையிலை கிடைக்காததால் அலுமினியத் தாளில் சுற்றிய புட்டும், கட்டைச் சம்பலும். மலை ஏறும்வரை செபமாலை, இறங்கிய பிறகு ஊர்வம்பு.

அங்கே புல்வெளி நடுவில் ஒரு இரும்புக் கம்பி நட்டிருக்கும். தலையில் எண் பொறித்த சின்னத் தகடு. வருடாவருடம் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்துப் படம் எடுப்போம். புல் கூடுகிறதா குறைகிறதா என்று அந்தப் படங்களை அடுக்கிப் பார்த்தால் தெரியும். ஆகவே கம்பியைச் சுற்றி ஒரு இலையைக்கூடத் தொடக்கூடாது. இதை நான் உங்களுக்குச் சொல்ல மறந்துபோனேன்.

நான் தூரத்தில் மண் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது நீங்கள் முழங்காலில் இருந்தீர்கள். கம்பியைச் சுற்றிக் கை எட்டும் தூரம்வரை புல்லையெல்லாம் வேரோடு பிடுங்கி, மண்ணைக் கையால் தடவிச் சமப்படுத்தி, இரண்டு குச்சியைச் சேலை நூலால் கட்டிக் குருசும் நட்டுவிட்டீர்கள்.

"என்ன மச்சாள் செய்யிறியள்?"

"ஆரையோ தாட்டிருக்கடி. பேர்கூட இல்லை, நம்பர்தான் போட்டிருக்கு. பாவம், ஆத்துமாக்கள் திருநாளுக்குக்கூட ஒருத்தரும் வந்து புல்லுப் பிடுங்கேல்லை. கையிலை மெழுகுதிரிதான் இல்லை."

இறந்தவர்களை நினைக்கும் அந்தத் திருநாளில் நம் ஊரில் கல்லறையில் புல் பிடுங்கி மெழுகுதிரி ஏற்றுவோம்; அன்று உங்களிடம் அது இல்லாதது நல்ல காலம். அந்தக் காய்ந்த வெளியில் அன்றைக்கு நெருப்பு மூட்டத் தடை. ஏற்றியிருந்தால் இரண்டு பேரும் பொலிசில் நின்றிருப்போம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது. உங்களுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் குருசைப் பிடுங்க மட்டும் விடவில்லை. "இருக்கட்டும், ஆருக்காவது உதவும்" என்றீர்கள்.

வேலை போய்விடுமோ என்று பயந்துதான் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்படியே விடு, அந்த மொட்டை நிலம் மூட எவ்வளவு காலம் எடுக்கிறது என்று பார்ப்போம் என்றார். அதன்பின் வருடாவருடம் நீங்களும் வந்தீர்கள். புல்லின் உயரம் தெரிய ஒரு ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும், அந்த ஆள் நீங்கள்தான். நீலக் குடை, சப்பாத்து, கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி பவுடர் போட்ட முகம். "பல்லுத் தெரியச் சிரிக்கவோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள்.

அடுத்த வருடமும் உங்கள் காலடி மொட்டையாகவே இருந்தது. அதற்கடுத்த வருடம் முள்ளுப் பூண்டு மட்டும் வந்தது. சுற்றிவர கங்காருப் புல் என்கிற அந்த மண்ணின் நல்ல புல் முழங்கால் உயரம் நிற்க, நடுவில் நீங்கள் ஒரு பாயில் நிற்பதுபோல நின்றீர்கள். பிறகுதான் மெல்ல மெல்ல நல்ல புல் உள்ளே வந்தது. போன வருடம் நான் கமராவைச் சரிசெய்யும்போது நீங்கள் கூவினீர்கள்: "செலின், என்ரை காலைக் காணேல்லையடி!" அவ்வளவு சந்தோசமாக உங்களை நான் கண்டதில்லை. அந்தக் குரலுக்குள்ளே நோய் இருந்தது நம் இரண்டு பேருக்கும் தெரியாது.

இந்த வருடம் வசந்தம் வந்தும் மழை வரவில்லை. நம் கம்பி நிற்கிற துண்டைத் திறந்துவிடச் சொல்லிப் பண்ணைக்காரர்கள் கேட்டார்கள். ஊர் மண்டபத்தில் கூட்டம். டக் என்ற பெயருள்ள பண்ணைக்காரர் ஒருவர், அறுபது தாண்டியவர், தொப்பியைக் கழற்றாமல் எழுந்து நின்றார். அவருடைய மாடுகளின் விலா எலும்பை நானே போய்ப் பார்த்திருந்தேன். "உன் புல்லை நீ படம் பிடிச்சுக்கொண்டிரு. என் மாடு செத்துப்போகட்டும், அப்படித்தானே?" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. மூடினால் அவர் மந்தை போகும், திறந்தால் நிலம் போகும். இரண்டும் என் ஒரு சொல்லில் தொங்கியது.

பிறகு உங்கள் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் போட்டேன். ஒரு பெண் ஒரு மத்தியானம் வெறுங்கையால் பிடுங்கிய இடம் இது, மூட இவ்வளவு வருடம் எடுத்திருக்கிறது, மாடுகள் நின்று மேய்ந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

"குடையோட நிற்கிற அந்த அம்மா யார்? ஏன் பிடுங்கினா?" என்று டக் கேட்டார்.

என் அண்ணன் மனைவி என்றேன். இதை யாரோ ஒருவருடைய கல்லறை என்று நினைத்துவிட்டா, எங்கள் ஊரில் கல்லறையில் புல் வளர விடமாட்டோம் என்றேன். இந்தக் குளிர்காலம் அவவும் போய்விட்டா என்றேன். அத்தனை பேர் முன்னால் அழுதேன் மச்சாள். வெட்கமாக இருக்கவில்லை.

டக் தொப்பியைக் கழற்றினார். "நிற்காமல் நடத்திக்கொண்டு போனால்?" என்று கேட்டார். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நம் துண்டில் மாடு தங்காமல் கடந்துபோகட்டும். அப்பால் ஓடைக் கரையில் புல் தாங்கும், அதைத் திறந்துவிடுகிறேன் என்றேன். சரியென்றார்.

போன கிழமை இந்த வருடத்துப் படம் எடுக்கப் போனேன். மந்தை கடந்துபோன தடம் தெரிந்தது. கம்பிக்குக் கிட்ட வரும்போது அந்தத் தடம் அகலமாக விலகி, வளைந்து, பிறகு மீண்டும் வழிக்கு வந்திருந்தது. உங்கள் குச்சிக் குருசு சாய்ந்தபடி இன்னும் நிற்கிறது. டக்கின் மாடுகள் ஓடைக் கரையில் மேய்கின்றன, இளைத்திருந்தாலும் உயிரோடு இருக்கின்றன. துணைக்கு வந்த கந்தோர்ப் பெண்ணிடம் கமராவைக் கொடுத்துவிட்டு, குடையை விரித்து உங்கள் இடத்தில் நானே நின்றேன். பல்லுத் தெரியத்தான் சிரித்தேன்.

அங்கே நிற்கும்போது ஒன்று தோன்றியது. பெயர் தெரியாத ஒருவருக்காக முழங்காலில் இருந்த உங்கள் கை செய்த பிழைதான் இன்று ஒருவருடைய மாட்டையும் ஒரு நிலத்தையும் காத்தது. இது உங்களுக்குத் தெரியவேண்டாமா? யார் வந்து சொல்வார்கள்?

ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது, உங்களுக்கு இது முதலாவது. உங்கள் மண்ணில் புல் முளைத்துவிட்டது, புல்லு வெட்டுகிற மெசின்காரரை வரச் சொல்லவா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். புல்லைத் தொடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனால் அன்றைக்கு இந்தக் கடிதத்தோடு உங்கள் கல்லறைக்கு வருவேன். முழங்காலில் இருந்து, கை எட்டும் தூரம்வரை, வேரோடு, என் கையாலேயே பிடுங்குவேன். வருடாவருடம் வருவேன்.

மெழுகுதிரியும் கொண்டுவருவேன் மச்சாள்.

என்றும் உங்கள் பக்கத்தில் நிற்கிற,
உங்கள் மச்சாள்
செலின்