அத்தை கடித்த முந்திரிக்கொட்டை

தாத்தா,

இன்று மத்தியானம் பக்கத்து வீட்டுக் கொல்லையில் முந்திரிக்கொட்டை வறுத்தார்கள். கண்ணைக் கரிக்கும் அந்தக் கறுப்புப் புகை ஜன்னல் வழியாக வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. அது என்ன சிரிப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

அப்போது யுத்த காலம். அம்மா என்னைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்துவிட்டதால், உடையார்பாளையம் பக்கம் உங்கள் வீட்டில்தான் வளர்ந்தேன். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பழைய இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றியிருப்பீர்கள். நான் சருகு தள்ளுவேன், நீங்கள் நீளக் கழியால் கிளறுவீர்கள். தீப்பிடித்த கொட்டைகளை மணலில் கொட்டி ஆறவைத்து, சாம்பல் பூசிய கையால் கல்லில் தட்டிப் பருப்பெடுப்போம். சரியாக வேகாமல் தங்கிய கொட்டை மறுபடி சட்டிக்குத்தான் போகும். அதன் தோட்டில், அந்த மேல் ஓட்டில், இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். நம் ஊரில் மூக்கு ஒழுகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

மாமா கட்டிக்கொண்டு வந்த அத்தைக்குத் தெரியாது. திருமழபாடிக்காரி, கொள்ளிடக்கரை நெல்லைத் தவிர வேறென்ன கண்டாள்? பாயசத்தில் மிதப்பதுதான் அவளுக்கு முந்திரி. ஆனால் வந்த சூட்டோடு சாவிக்கொத்து இடுப்பில் ஏறிவிட்டது. ஒரு நாள் நான் உரித்து வைத்திருந்த பருப்பை, பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு வந்த பிள்ளைகள் பார்க்கப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தாள முழுங்கினவளுக்குத் தீனி ஒரு கேடா? நாளையிலேருந்து பள்ளிக்கூடம் வேணாம். சாணி அள்ளட்டும்."

மாமா தலையை ஆட்டினார். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டீர்கள், அவ்வளவுதான். வீடு உங்களுடையதானாலும் மகன் சம்பாத்தியத்தில் சோறு தின்கிறவர் என்ன பேசுவீர்கள்? எனக்கு உங்கள் மேலும் ஆத்திரம் வந்தது.

கைகால் கழுவிவிட்டு நாம் திரும்பியபோது அவள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். ருசி கண்டுவிட்டாள் அல்லவா? கருகாத நல்ல கொட்டை என்று நினைத்து, நாம் ஒதுக்கி வைத்திருந்த வேகாத கொட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கி மடியில் கட்டினாள். நான் கத்த வாயெடுத்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"தாத்தா, அது வேவாத கொட்ட..."

"எனக்குத் தெரியாதா? சும்மா இரு புள்ள."

கல்லில் தட்டினால் சத்தம் கேட்குமே! கதவைச் சாத்திக்கொண்டு பல்லால் கடித்திருக்கிறாள் மகராசி. விடிந்தபோது உதடு உப்பி, மோவாய் வரை கொப்புளம். மாமா பதறிப்போய்க் கேட்டதற்கு, ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று ஜாடை காட்டினாள். அவர் வயலுக்குப் போனதும் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் முன்னால் நின்றீர்கள்.

"எந்தப் பூச்சின்னு எனக்கும் தெரியும், இந்தப் புள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடம் போயிட்டா அதுக்கு ஊர்ல பேச நேரம் இருக்காது. வூட்டுலயே கெடந்தா வாய் சும்மா இருக்குமா?"

இந்தத் தடவை அவள் தலையை ஆட்டினாள். நான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கடைசிக் காலத்தில் நீங்கள் படுக்கையில் கிடந்தபோது, "அவளும் அப்ப சின்னப் பொண்ணுதான், விட்டுடு புள்ள" என்றீர்கள். விடவில்லை தாத்தா. படித்தேன், டீச்சர் வேலை பார்த்தேன், பென்ஷனும் வாங்குகிறேன். 'ஆத்தாள முழுங்கினவ' மட்டும் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. நீங்கள் சொல்லி நான் கேட்காதது இது ஒன்றுதான்.

போன கோடையில் அத்தை வந்தாள். பாதிப் பல் இல்லை. "நாலு முந்திரி வறுத்துக் குடேன், ஆசையா இருக்கு" என்றாள். நெய்யில் பொன்னாக வறுத்துத் தட்டில் போட்டு, நடுவில் தோடு உரிக்காத பச்சைக்கொட்டை ஒன்றை வைத்தேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இன்னுமா புள்ள?"

"சாப்பிடுங்க அத்தை" என்றேன்.

அவள் எதையும் தொடவில்லை. பருப்பை நான் தின்றேன். அந்தக் கொட்டையை மாடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்தக் கோடைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டிருக்கிறாள்.