நான் கேட்ட இரண்டு நாள்

புனே ஆஸ்பத்திரி, 1999

அன்பு மகனுக்கு,

என் காலை வெட்டி எடுத்து நாலு நாளாகிறது. நீ வார்டுப் பக்கமே வரவில்லை. சரி, வேலை இருக்கும்.

காலை எடுக்கச் சம்மதமா என்று அன்றைக்கு டாக்டர் இந்தியில் கேட்டார்; நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய். "ரெண்டு நாள் டயம் கேளுடா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். நீ அவரிடம் இந்தியில் ஏதோ சொன்னாய். கட்டு மாற்றத்தான் என்று சொல்லி என்னிடம் கைநாட்டு வாங்கினாய். எனக்கு எழுதத் தெரியாதா?

நேற்று நர்ஸ் ஆரோக்கியமணி ஃபைலைப் படித்துவிட்டு, "அம்மா, நீங்க உடனே சரின்னு சொன்னதா இதுல இருக்கே" என்றாள்.

நான் உயிர் பிழைக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தாய். இருந்தாலும் அது என் கால்.

உனக்குத் தமிழ் படிக்க வராது. நீ வேலை செய்யும் ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் தமிழ் தெரிந்தவர் யாராவது படித்துச் சொல்வார். நான் எழுதியதை அப்படியே சொல்லச் சொல்.

உன் அம்மா