பாதி உங்களுடையது

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் தம்பி கல்யாணத்துக்கு என்னை மட்டும் வரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். குழந்தைக்கு வெயில் ஆகாதாம். கல்யாணம் மண்டபத்துக்குள்தானே நடக்கிறது?

அவள் பிறந்த அன்று, அந்த வெள்ளை முடியையும் வெளுத்த தோலையும் பார்த்துவிட்டு உங்கள் அம்மா, "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது" என்றார். என்னைப் பற்றி அவர் சொல்லாமல் சொன்னது உங்களுக்கும் புரிந்தது. நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

நேற்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். "இது யார் வழியா வந்தது டாக்டர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் வழியாவும்தாம்மா. நிறம் குடுக்கிற மரபணு எல்லாருக்கும் ஜோடியா இருக்கும். உங்களுக்கு அதுல ஒண்ணு வேலை செய்யல, அவருக்கும் ஒண்ணு வேலை செய்யல. இன்னொண்ணு நல்லா இருக்கிறதால வெளியே தெரியல. வேலை செய்யாத ரெண்டும் இவளுக்கு வந்து சேர்ந்திருக்கு. அவங்க வம்சத்துலயும் தலைமுறை தலைமுறையா சத்தமில்லாம வந்திருக்கலாம்."

திரும்பும் வழியில் அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். போட்டுக்கொண்டு, "அம்மா, நான் போலீஸா?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். முன்வரிசையில்தான் உட்காருவோம். யாராவது ஜாடை பேசினால், "பாதி என்னோடது, பாதி அவரோடது" என்று உங்களைக் கைகாட்டுவேன். உங்கள் அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். மனமிருந்தால் வந்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா