கை முந்தும் பிள்ளை

1999 மாசி 3
குஞ்சு, என்ர மகனே, நீ காய்ச்சலிலை எங்களை விட்டுப் போய் ஏழு மாசம். இண்டைக்கு உன்ர தங்கச்சி நிரோசினியாலை பள்ளிக்கூடத்திலை தலைகுனிஞ்சு நிண்டனான். ஜெயரூபி ரீச்சர் கேள்வியை முடிக்க முதல் இவள் மறுமொழி சொல்லுறாளாம். பக்கத்துப் பிள்ளையின்ர கொப்பியையும் பறிச்சுக் கிழிச்சுப்போட்டாள்.
"நிரோசினியின்ர அம்மா, வவுனியாவிலை இருந்து கமலாசனி மிஸ் வாறா. இப்பிடிப் பிள்ளையளை அளந்து பாக்கிறவா. தேவைப்பட்ட பிள்ளையளுக்குப் பின்னேரம் தனி வகுப்பு இருக்கு" எண்டா.
பிள்ளையை அளக்கிறதோ? அரிசியே?

மாசி 4
முகாமிலை பக்கத்துக் கொட்டில் வடிவம்மாவிட்டைச் சொன்னது என்ர பிழை. "ஐயோ பிள்ளை, விசர், பைத்தியம் எண்டு எழுதிப்போட்டால் நாளைக்கு ஆர் கட்டுவான்?" எண்டா.
அளக்கிற விதம் அவாவுக்குத் தெரியும். அவாவின்ர பேரனும் அதுக்குப் போனவன். வெறும் பால்மாத் தகரப் பேணியிலை மிஸ் கரண்டியாலை தட்டுவாவாம். ஒரு தட்டுக்குப் பிள்ளை கைதட்ட வேணும். ரெண்டு தட்டுத் தொடர்ந்து கேட்டால் கையை மடியிலை வைச்சிருக்க வேணும். அப்பிடி ரெண்டு தட்டு இருபது தரம் வரும். அதிலை கை எத்தினை தரம் முந்தித் தட்டுது எண்டு எழுதுவினம்.
நானும் ஒரு பேணி எடுத்தன். பழக்கினன். முந்தின ஒவ்வொரு தரமும் தொடையிலை கிள்ளினன்.

மாசி 9
இண்டைக்கு மிஸ் அளந்தா. மூண்டு தரம்தான் முந்தினது. நான் யன்னலுக்கு வெளியிலை கண்ணை உருட்டிக்கொண்டு நிண்டனான். அவள் என்ர முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் கைதட்டினவள்.
"பிழையில்லை, தனி வகுப்புத் தேவைப்படாது" எண்டா மிஸ். சிரிச்சுக்கொண்டு வந்தனான். மாதாவே, சிரிச்சனான்.

மாசி 17
தண்ணிக்குப் போற வழியிலை கண்டன். உன்ர தங்கச்சி வகுப்புக்கு வெளியிலை முழங்காலிலை நிக்கிறாள். என்னைக் கண்டதும் கையாலை தொடையைப் பொத்தினாள்.

மாசி 18
போய்ச் சொல்லிப்போட்டன். "மிஸ், நான் கள்ளம் செய்தனான். பழக்கினனான், கிள்ளினனான்" எண்டு. அவா ஏசேல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். என்னைக் கிணத்தடிக்கு அனுப்பிப்போட்டுத் திரும்ப அளந்தா.
பதினாலு.
"அம்மா, இது கொழுப்பில்லை. ரெண்டாம் தட்டு அவளுக்கும் கேக்குது. நிப்பாட்ட வேணும் எண்டும் தெரியுது. கை அதுக்கு முதல் போயிடுது. அடிச்சால் பயம்தான் வரும்" எண்டா மிஸ்.
அப்ப உனக்கும் அப்பிடித்தானோ, குஞ்சு? — உன்னைக் கொட்டில் கப்புத் தடியிலை கயித்தாலை கட்டிப்போட்டு நிவாரண அரிசி வாங்கப் போனனே. பொல்லாதவன், பொல்லாதவன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனே.

பங்குனி 12
பின்னேர வகுப்புக்குப் போறாள். "இண்டைக்குப் பதினொண்டுதான் அம்மா!" எண்டு ஓடிவந்தவள், நான் அள்ளி வைச்ச வாளியைத் தட்டி ஊத்திப்போட்டாள். கையை ஓங்கினன். அடிக்கேல்லை. திரும்பப் போய் அள்ளினன்.
குஞ்சு, ஒண்டு இன்னும் எழுதேல்லை. காய்ச்சல் ரெண்டாம் நாள் நீ அசையாமல் பாயிலை கிடந்தாய். மலேரியா எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு — எப்பிடி எழுதுவன் — ஆறுதலாக்கூட இருந்தது. உன்ர தலைமாட்டிலை நிண்டு வடிவம்மாவிட்டைச் சொன்னன், "இண்டைக்குத்தான் இவன் நல்ல பிள்ளையா இருக்கிறான்" எண்டு.
அது உனக்குக் கேட்டதோ, அப்பன்?